சேம அச்சு

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

கவிஞர்கள் கூடிய அவையில், பழுதுபட்ட பழைய லாரி ஒன்றை வாங்கலாமா கூடாதா என்பது உரைப்பொருளாக அறிவிக்கப்பட்டால் சில முகங்களில் முறுவல் தோன்றுவது இயல்பே. ஆயினும் பாரம் ஏற்றிச் செல்லும் வண்டி தமிழ்ச் செய்யுளுக்குப் புதிய பொருள் அன்று. கடற்கரையில் விளைந்த உப்பை உள்நாட்டுக்குக் கொண்டுசென்ற உமணரின் வண்டித் தொடர் சங்கப் பாடல்களில் பல இடங்களில் வருகிறது. பெரும்பாணாற்றுப்படையில் கைக்குழந்தையை உடைய பெண்ணொருத்தி எருதுகளை ஓட்டிச் செல்கிறாள். குடும்பம் முழுவதும் அந்த வண்டியை நம்பி வழியில் இருக்கிறது.

புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் அதே உமணரின் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கிறார். எருதுகள் இளையவை, நுகத்துக்குப் பழகாதவை. வண்டியிலோ பண்டம் மிகுதி. பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன நேரும் என்று எவர் அறிவார்? ஆகவே உமணர், பூட்டிய அச்சுக்குக் கீழே மற்றோர் அச்சையும் கட்டிக்கொண்டு புறப்படுகின்றனர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். அதியமானின் மகன் பொகுட்டெழினியை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிட்டு ஔவையார் பாராட்டினார்.

பழைய வண்டி வாங்க எண்ணும் எவரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அந்தப் பாட்டில் இருக்கிறது. வண்டியில் பழுது உண்டா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பத்தாண்டு ஓடிய வண்டியில் பழுது இருக்கவே செய்யும். அந்தப் பழுது நடுவழியில் வெளிப்படும்போது எடுத்து மாட்டுவதற்கு அடியில் ஏதேனும் கட்டப்பட்டிருக்கிறதா என்பதைச் சிலரே கேட்கிறார்கள். வாங்குவதா விடுவதா என்பதை முடிவு செய்யவேண்டியது இந்த இரண்டாம் கேள்வி.

இதைச் சொல்வதற்குப் பொருத்தமான நாடும் அருகிலேயே இருக்கிறது. அதியமானின் தகடூர் இன்றைய தருமபுரி. முன்பு 7 என்றும் இப்போது 44 என்றும் எண்ணிடப்பட்டுள்ள தேசிய நெடுஞ்சாலை, தருமபுரியிலிருந்து தொப்பூர்க் கணவாய் வழியாகச் சேலத்துக்கு இறங்கி, நாமக்கல்லைத் தொட்டுக் கரூருக்குப் போகிறது. நாமக்கல் என்றதும் கவிஞர்களுக்கு இராமலிங்கம் பிள்ளை நினைவுக்கு வருவார். சாலையில் தொழில் செய்வோருக்கு லாரி நினைவுக்கு வரும். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்கு அவ்வூர் நாடெங்கும் பெயர் பெற்றது. பக்கத்துத் திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளுக்கும், சங்ககிரி லாரித் தொழிலுக்கும் பெயர் பெற்றவை. ஓட்டுநராகத் தொடங்கி உரிமையாளராக வேண்டும் என்னும் ஆசை அந்த வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு உண்டு.

அத்தகைய பலரின் சாயலாக ஒருவரை இவ்வுரைக்கென மனத்தில் நிறுத்திக்கொள்ளலாம். பதினெட்டு ஆண்டுகள் பிறருடைய லாரியை ஓட்டியவர். கையில் நான்கு லட்சம் ரூபாய் சேர்த்திருக்கிறார். மனைவியின் நகையை அடகு வைத்தால் இரண்டு லட்சம் கிடைக்கும். பழைய வண்டிக்குக் கடன் தரும் பைனான்சில் ஐந்து லட்சம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆக மொத்தம் 11,00,000. பத்தாண்டு ஓடிய பத்துச் சக்கர லாரி ஒன்று ஒன்பது லட்சத்துக்கு வருகிறது என்று தரகர் செய்தி கொண்டுவந்தார். 'எஞ்சினில் கொஞ்சம் வேலை இருக்கிறது, அவ்வளவுதான்' என்பது தரகரின் சொல்.

அவர் தமக்குத் தெரிந்த மூத்த மெக்கானிக் ஒருவரை அழைத்துக்கொண்டு போனார். மெக்கானிக் வண்டியைச் சுற்றிப் பார்ப்பதற்கு முன்பே எஞ்சின் மேல் கையை வைத்தார். சுட்டது.

"காலையிலேயே எடுத்து ஓட்டி வெச்சிருக்காங்க தம்பி. சூடான எஞ்சின் பொய் சொல்லும். ஆறட்டும், சாயங்காலம் வரலாம்."

மாலையில் குளிர்ந்த எஞ்சினை உயிர்ப்பித்தபோது வண்டி தன் உண்மையைச் சொல்லத் தொடங்கியது. புகைபோக்கியில் நீலம் கலந்த புகை வந்தது. நீலப் புகை, மசகெண்ணெய் எரிவதன் அடையாளம். கறுப்புப் புகையாயின் டீசல் மிகுந்தோ காற்றுக் குறைந்தோ எரிகிறது என்று பொருள். நில்லாத வெண்புகையாயின் தண்ணீர் உள்ளே புகுந்திருக்கலாம், அல்லது டீசல் எரியாமல் வெளியேறலாம். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தார். அங்கிருந்தும் புகை எழுந்தது. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து, எரிந்த வளி கீழே கசிகிறது. அளவுகோலை உருவிப் பார்த்தார்; எண்ணெய் கறுத்திருந்தது, ஆனால் பால்போல் வெளுத்திருக்கவில்லை. தண்ணீர் கலக்கவில்லை என்பது ஓர் ஆறுதல்.

பிறகு அவர் வண்டிக்கு அடியில் படுத்தார். விளக்கைப் பிடித்துச் சேஸிஸின் இரு சட்டங்களையும் முன்னிருந்து பின்வரை விரலால் தடவிக்கொண்டே போனார். ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்கும் இடங்களில் நெடுநேரம் நின்றார். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வண்டி முதலில் விரிசல் விடும் இடங்களுள் அது ஒன்று. விரிசலின் மேல் பற்றவைத்து, அதன்மேல் புதிதாக வண்ணம் பூசி மறைப்பதும் உண்டு. இந்த வண்டியில் அது இல்லை. டயர்களின் தேய்மானத்தைப் பார்த்தார். ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அச்சு கோணியிருக்கிறது என்று அறியலாம். நான்கு டயர்கள் முடிந்துபோயிருந்தன. ஆனால் சீராக முடிந்திருந்தன. எஞ்சினை நிறுத்தி, பிரேக்கின் காற்றழுத்தம் எவ்வளவு விரைவில் இறங்குகிறது என்று முள்ளைக் கவனித்தார். சட்டத்தில் பொறித்த சேஸிஸ் எண்ணையும் ஆர்.சி. புத்தகத்தின் எண்ணையும் ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டார்.

எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னது, இந்தத் தொழிலின் சாரம் எனத்தகும்.

"எஞ்சினைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் தம்பி. லைனர், பிஸ்டன், ரிங் மாத்தினா அது புது எஞ்சின். காசு போட்டாச் சரியாகிற வியாதி. சேஸிஸ் விட்டுப்போச்சுன்னாலும், பேப்பர்ல கோளாறு இருந்தாலும் மட்டுந்தான் எவ்வளவு காசு போட்டாலும் ஆகாது."

பழுதுகள் எல்லாம் ஓரினம் அல்ல என்பது இதிலிருந்து தெளிவாகிறது. புகையும் ஓசையும் எவர் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும். அவற்றைக் கண்டு அஞ்சுவோர் நல்ல வண்டியையும் விட்டுவிடுவர். ஓசையின்றி இருப்பவையே ஆளை வீழ்த்தும். இன்னொன்றும் கருதத்தக்கது. பாரத் நிலை நான்கு என்னும் புகைக் கட்டுப்பாடு 2017 ஏப்ரல் 1 முதலும், நிலை ஆறு 2020 ஏப்ரல் 1 முதலும் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தன. நிலை ஆறு லாரிகளில் உணரிகளும் கணினிக் கட்டுப்பாடும் யூரியாக் கரைசலும் வேண்டும். அவற்றின் பழுதைக் கண்டறியக் கருவி உடைய பணிமனைக்குப் போகவேண்டும். அவற்றுக்கு முற்பட்ட லாரி காற்றை மிகுதியாக மாசுபடுத்தும் என்பது உண்மை. ஆனால் சாலையோரப் பட்டறையிலேயே பெரும்பாலும் சீராகிவிடும் என்பதும் உண்மை. சிறு முதலுடையோர் பழைய வண்டியை நாடுவதற்கு விலை மட்டும் காரணம் அன்று.

ஓசையில்லாப் பழுதுகளுள் கொடியது காகிதத்தில் இருப்பது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவு உரிமை மாற்றத்தைப் பற்றியது. விற்பவர், அதே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள் விற்பனையை அறிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். படிவம் 29, படிவம் 30 என்பவை அதற்குரியவை. வெற்றுப் படிவத்தில் கையொப்பம் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு, பெயர் மாற்றாமலே பல கை மாறி ஓடும் வண்டிகளும் உண்டு. அத்தகைய வண்டி ஒன்று விபத்தில் சிக்கினால் இழப்பீட்டுப் பொறுப்பு எவருடையது என்னும் வழக்கில், பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விற்றுவிட்டோம் என்று நிம்மதியாக உறங்குபவரின் வீட்டுக் கதவைத் தட்ட அந்த ஒரு பெயர் போதும். வாங்கியவருக்கும் அதில் பாதுகாப்பு இல்லை. பதிவேட்டில் பெயர் ஏறாதவரை ஊரறிய அந்த வண்டி அவருடையது ஆகாது.

முந்தைய உரிமையாளர் வாங்கிய கடன் தீராமல் இருந்தால் அந்தப் பற்றும் ஆர்.சி.யில் நிற்கும். கடன் கொடுத்த நிறுவனம் படிவம் 35இல் கையொப்பமிட்டால் அன்றி அது நீங்காது. தகுதிச் சான்று வேறு. எஃப்.சி. எனப்படும் அது, வண்டிக்கு எட்டாண்டு ஆகும்வரை ஈராண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது. எட்டாண்டு கடந்தபின் ஆண்டுதோறும் காட்டியாக வேண்டும். பத்தாண்டு வண்டியை வாங்குபவர், ஆண்டுதோறும் ஒரு தேர்வையும் சேர்த்தே வாங்குகிறார்.

ஓட்டுநர் பார்த்த வண்டியின் காகிதங்கள் ஏறக்குறைய சரியாகவே இருந்தன. பழைய கடன் அடைக்கப்பட்டிருந்தது. எஃப்.சி. இரண்டு மாதத்தில் முடிவதாக இருந்தது. ஆகவே அன்றிரவு அவர் கணக்கெழுத உட்கார்ந்தார். வண்டி 9,00,000. எஞ்சின் வேலைக்கு 1,50,000. நான்கு டயருக்கு 80,000. கிளட்ச், பிரேக், ஸ்பிரிங் பட்டைகளுக்கு 40,000. எஃப்.சி. காட்டத் தளப் பலகையும் வண்ணமும் 30,000. காப்பீடு, வரி, பெயர் மாற்றம் ஆகியவற்றுக்கு 90,000. கூட்டினால் 12,90,000. கையிலும் கடனிலுமாகத் திரளக்கூடியது 11,00,000. ஒன்பது லட்சத்து வண்டி உண்மையில் ஏறத்தாழப் பதின்மூன்று லட்சத்து வண்டியாக இருந்தது.

மறுநாள் தரகர் மூலம் விலை ஒரு லட்சம் குறைந்தது. டயரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று தோன்றியது, 80,000 மிச்சம். இப்போது கணக்கு 11,10,000 ஆயிற்று. பத்தாயிரம் கைமாற்று வாங்கினால் போதும். கணக்கு முட்டாமல் முடிந்துவிட்டது என்று அவர் மகிழ்ந்தார். ஆபத்து அந்த இடத்தில்தான் இருந்தது. திருக்குறளின் 'தெரிந்து செயல்வகை' என்னும் அதிகாரம், செயலில் இறங்குமுன் அழிவையும் ஆக்கத்தையும் அதன்பின் வந்துசேரும் ஊதியத்தையும் ஒருங்கே எண்ணச் சொல்லித் தொடங்குகிறது; பின்வரும் ஆதாயத்தை நம்பிக் கைமுதலையே இழக்கும் முயற்சியில் அறிவுடையோர் இறங்கார் என்றும் கூறுகிறது. ஓட்டுநர் ஆவதை எண்ணினார். எஞ்சின் வேலை முடியும்வரை வண்டி பட்டறையில் நிற்கும் நாள்களை எண்ணவில்லை. அந்த நாள்களில் வாடகை இல்லை. ஆனால் பைனான்ஸ் தவணைக்குப் பட்டறை நாள், ஓடும் நாள் என்னும் வேறுபாடு இல்லை.

மனைவி கணக்கைக் கேட்டுவிட்டு ஒன்றே கேட்டார்.

"ஏனுங்க, நகையைக் குடுக்கமாட்டேன்னு சொல்லலீங்க. அதையும் விலையிலேயே போட்டுட்டா, வண்டி வழியில நின்னுபோச்சுன்னா அப்ப எதைங்க போடறது?"

ஓட்டுநரிடம் அதற்கு விடை இல்லை. ஔவையார் கேட்ட கேள்வியும் இதுவே. பள்ளமும் மேடும் வரும்போது நேர்வதை எவர் அறிவார் என்று கேட்ட புலவரும், வண்டி நின்றால் எதைப் போடுவது என்று கேட்ட பெண்ணும் ஒரே சாலையைப் பார்த்துப் பேசியிருக்கிறார்கள். உமணர் தம் இரண்டாம் அச்சைச் சரக்கோடு சேர்த்து விற்றுவிடவில்லை. முதல் அச்சோடு அதையும் பூட்டிவிடவில்லை. பயன்படாமல் தொங்கிக்கொண்டு வருவதே அதன் பயன்.

அவர் அந்த லாரியை விட்டுவிட்டார். அது கெட்ட வண்டி என்பதால் விடவில்லை. மெக்கானிக்கின் சொற்படி அது நல்ல வண்டியே. சேமமாக ஒரு தொகை வைத்திருந்த வேறொருவர் அதை வாங்கிப் பிழைத்திருக்கவும் கூடும். விட்டுவிட்ட அன்று வீட்டில் எவரும் அதிகம் பேசவில்லை. இன்னும் எட்டு மாதம் அவர் பிறர் வண்டியையே ஓட்டினார், 60,000 சேர்ந்தது. பிறகு, வயது அதிகமான ஆறு சக்கர லாரி ஒன்று 5,50,000க்கு வந்தது. அதுவும் பழுதுள்ள வண்டிதான். பழுதுக்கும் காகிதத்துக்கும் 2,30,000 ஆகும் என்று மெக்கானிக் மதிப்பிட்டார். ஆக 7,80,000. கையிருப்பு 4,60,000, பைனான்ஸ் 3,50,000. முதல் நடைக்கு டீசலும் சுங்கமும் கட்ட 30,000 மிஞ்சியது. நகை பெட்டியிலேயே இருந்தது.

வெளிமாநில ஓட்டத்தின் பெரிய வாடகை இந்த வண்டிக்குக் கிடைக்காது. சிறிய வண்டிக்குச் சிறிய பாரம்தான். மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் 'வலியறிதல்' அதிகாரத்தில் எச்சரித்தது சரக்குக்கு மட்டும் பொருந்துவது அன்று, கடனுக்கும் பொருந்தும்.

நான்காம் நடையில் கோழித்தீவன மூட்டைகளோடு ஓசூருக்குப் போகும்போது தொப்பூர் ஏற்றத்தில் கிளட்ச் எரிந்தது. பட்டறையில் மாற்றிய பொருள்தான், மாற்றியதும் எரியலாம். வண்டி மூன்று நாள் நின்றது. சரக்கை வேறு லாரிக்கு மாற்றிய கூலி, இழுத்துச் சென்ற செலவு, புதிய கிளட்ச் எல்லாம் சேர்ந்தபோது நகையில் ஒரு பகுதி அடகுக் கடைக்குப் போயிற்று. நான்காம் நாள் வண்டி ஓடிற்று. ஐந்து மாதத்தில் நகை திரும்பிற்று. முதலில் பார்த்த பெரிய லாரியை வாங்கி, இதே ஏற்றத்தில் இதே கிளட்ச் எரிந்திருந்தால், அந்த மூன்று நாள் மூன்று மாதம் ஆகியிருக்கும். அதற்குள் தவணை தவறி, பைனான்சுக்காரர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். பழுது ஒன்றுதான், அடியில் கட்டியிருந்ததுதான் வேறு.

ஆகவே பழைய வண்டியை வாங்கலாமா என்று கேட்போருக்கு மூன்று சொல்லலாம். கண்ணுக்குத் தெரியும் பழுதைக் கண்டு அஞ்சவேண்டாம். அதற்கு விலை உண்டு, அந்த விலையை எழுதிக் கூட்டிக்கொள்க. சேஸிஸிலும் காகிதத்திலும் பழுது இருந்தால், எத்தனை மலிவாயினும் விட்டு விலகுக. இவ்விரண்டும் சரியாக இருந்தாலும், எல்லாவற்றையும் கொடுத்தபின் கையில் ஒன்றும் எஞ்சவில்லை என்றால் அந்த வண்டி இன்று உங்களுக்குரியது அன்று என்று பொறுத்திருக்க. பொறுத்திருத்தல் தோல்வி ஆகாது. நுகம் அறியாத இளைய எருதுகளைப் பூட்டியவர்கள் பயணத்தைக் கைவிடவில்லை. கட்டவேண்டியதைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள்.

கவிஞர் பெருமக்களே, ஔவையார் ஒரு தலைவனைப் புகழ எத்தனையோ உவமைகளைத் தேடியிருக்கலாம். அந்தப் பாட்டிலேயே முழுநிலவும் உவமையாக வருகிறது. ஆனால் முதலில் அவர் கண் சென்றது, தூசி படிந்து, எவர் பார்வைக்கும் படாமல் வண்டிக்கு அடியில் தொங்கிய ஒரு மரத்துண்டுக்கு. அதன் பெயரை உமணரிடம் கேட்டறிந்தவர்போல் அவர் பாடினார். இன்றைய நெடுஞ்சாலையில் நிற்கும் லாரியின் அடியிலும் அப்படிக் குனிந்து பார்க்கவேண்டிய பொருள்களும், அவற்றை அறிந்தவர்களின் சொற்களும் உள்ளன. 'சூடான எஞ்சின் பொய் சொல்லும்' என்று பட்டறையில் பிறக்கும் வாக்கியம் கவியரங்கத்துக்கு வெளியிலேயே நின்றுவிட வேண்டியதில்லை.

இவ்வட்டமும் பத்தாண்டு ஓடிய வண்டிதான். சில இடங்களில் ஓசை எழக்கூடும்; சில இடங்களில் தேய்மானம் இருக்கக்கூடும். அவை சரிசெய்யத் தக்கவை. சேமமாக எது கட்டப்பட்டிருக்கிறது என்று கேட்டால், இவ்வாண்டு புதிதாக வந்து கடைசி வரிசையில் ஓசையின்றி அமர்ந்திருக்கும் இளைஞர்களைச் சுட்டலாம். ஔவையார் சேம அச்சு என்று அழைத்தது தந்தையை அன்று, மகனை. அவர்களை முறியும் நாளில் மட்டும் தேடாமல், புறப்படும் நாளிலேயே அருகில் கட்டிக்கொண்டு அடுத்த பத்தாண்டுக்கு வட்டம் பயணம் தொடர்வதாகுக.